தவிட்டுத் தொட்டியும் தராசும்

பன்றிக்குத் தீவனம் இடுவது பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு முறை சிரித்துவிட்டுப் பிறகு கேளுங்கள். நான் சொல்ல வந்திருப்பது என் பிழை ஒன்றின் கதை.

கால்நடை மருத்துவம் படித்து முடித்து, மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பிய புதிது. வாய்க்காலுக்கு அப்பால் கணவனை இழந்த ஓர் அம்மாள், எட்டு வெள்ளை யார்க்ஷயர்க் குட்டிகளை வாங்கி வளர்த்து வந்தார். அவற்றை விற்று மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆலைத் தவிடும் வடித்த கஞ்சியும்தான் தீவனம். குட்டிகளின் வயிறு பானைபோல் தொங்கியது. முதுகெலும்போ எண்ணும்படி துருத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, வயிறு நிறையத்தானே தின்னுது? பின்னே ஏன் தேறலை?" என்று கேட்டார்.

புரதம் போதவில்லை, கடலைப் புண்ணாக்குச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நான் உறுதியாகச் சொன்னேன். அவர் கடன் வாங்கிப் புண்ணாக்கு வாங்கினார். குட்டிகள் சற்றே தேறின. நான் வாக்களித்த அளவுக்கு வளரவில்லை. விற்ற பணம் புண்ணாக்குக் கடனுக்கே சரியாகப் போயிற்று. அந்த ஆண்டு அந்தப் பெண் கல்லூரியில் சேரவில்லை.

நான் சொன்னது பொய்யன்று, அரை உண்மை. புரதம் என்பது ஒரே பொருள் அன்று. தஞ்சாவூர்க் கதம்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று முறை மாறாமல் வைத்துத் தொடுப்பார்கள். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடை நிறைய மல்லிகை இருந்தும் அந்தக் கதம்பம் அதற்குமேல் நீளாது. உடலில் தசை உருவாவதும் இவ்வாறே. அமினோ அமிலங்கள் எனப்படும் இருபது வகைப் பொருள்கள் குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்டே புரதம் ஆகிறது. அவற்றுள் சிலவற்றைப் பன்றியின் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. தீவனத்தின் வழியாகவே வர வேண்டும். தானியமும் தவிடும் தின்னும் பன்றிக்கு முதலில் தீர்ந்துபோகும் மரிக்கொழுந்து, லைசின் என்பது. 1889இல் டிரெக்ஸெல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பாற்புரதத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது.

சோயாப் புண்ணாக்கின் புரதம் நூறு கிராமில் சுமார் ஆறு கிராம் லைசின் உண்டு. கடலைப் புண்ணாக்கின் புரதத்திலோ மூன்றரைக் கிராம் அளவுதான். ஆகவே அந்த அம்மாளை நான் மேலும் மேலும் மல்லிகையை வாங்கச் சொல்லியிருக்கிறேன்! மிஞ்சிய மல்லிகை என்ன ஆயிற்று? உடல் அதைச் சேமித்து வைக்காது. சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனைச் சிறுநீரில் கழித்துவிடும். கொட்டிலில் மூக்கைத் துளைத்த அந்த அம்மோனியா நெடி, கடன் வாங்கிய காசின் நெடிதான். மழை பெய்தால் அது வாய்க்காலில் இறங்கும். அந்த வாய்க்கால் நீரில்தான் கீழே உள்ளவர்கள் குளிக்கிறார்கள்.

எவ்வளவு தேவை என்பதும் என்றும் ஒன்றாக இருப்பதில்லை. நாற்றங்காலுக்கு வைக்கும் தண்ணீரை அறுவடைக்கு நிற்கும் வயலுக்கு எந்த விவசாயியாவது வைப்பாரா? அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 11 முதல் 25 கிலோ எடையுள்ள குட்டியின் தீவனத்தில் ஜீரணமாகும் லைசின் 1.23 சதவீதம் வேண்டும். 50 கிலோவைத் தாண்டியதற்கு 0.85 போதும், 100 கிலோவைத் தாண்டினால் 0.61. எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியில் ஒரே கலவையை ஊற்றினால், சிறியது பட்டினி கிடக்கும், பெரியது வீணாக்கும். கனடாவில் ஒவ்வொரு பன்றியின் காதிலும் மின்னணுக் குறி பொருத்தி, அதன் அன்றாட எடைக்கு ஏற்ப இரண்டு கலவைகளை யந்திரமே கலந்து ஊட்டுமாறு செய்து பார்த்தார்கள். லைசின் செலவு சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது, வளர்ச்சி குறையவில்லை.

அத்தகைய யந்திரம் நம் வாய்க்கால் கரைக்கு வராது என்பீர்கள். வர வேண்டியதில்லை. ஒரு தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வாலின் அடி வரை நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, பின் 69.3ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.8, நீளம் 0.9 என்றால் எடை சுமார் 40 கிலோ.

தவிட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஹல்லர் ஆலையின் தவிட்டில் உமி கலந்திருக்கும். மாட்டைப் போல் நான்கு அறை இரைப்பை இல்லாத பன்றிக்கு உமியால் பயனில்லை. பச்சரிசித் தவிட்டில் உள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைப்பதால் அது சில நாட்களிலேயே சிக்கு வாடை எடுத்துவிடும். புழுங்கலரிசித் தவிட்டிலோ, நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி அழிந்துவிடுவதால், அது கெடாமல் நிற்கும். 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி நிலையம் தோன்றிய நாடு இது. புழுங்கல் நெல்லின் அருமையை நமக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு அந்த அம்மாள் வீட்டுக்குத் தயங்கித் தயங்கிப் போனேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. திண்ணையில் உட்காரச் சொன்னார். இம்முறை புழுங்கலரிசித் தவிடு, நொய், சோயாப் புண்ணாக்கு, உப்பிடாத மீன் தூள் கொஞ்சம், தாது உப்பு. குட்டிகளை எடைப்படி இரண்டு கொட்டில்களில் பிரித்தோம். வாரந்தோறும் நாடா பிடித்தவள் அந்தப் பெண். மூன்றாம் வாரம் அவள் நோட்டுப் புத்தகத்தை என் முன் நீட்டி, "அண்ணா, சுற்றளவை ஒரு தடவைதான் பெருக்கியிருக்கீங்க" என்றாள். பார்த்தேன், அவள் சொன்னதே சரி. அன்று முதல் கணக்கை அவளிடமே விட்டுவிட்டேன். ஆடி மாதம் அவள் கல்லூரியில் சேர்ந்தபோது, அந்த நோட்டுப் புத்தகத்தை அம்மாள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார், அடுத்த குட்டிகளுக்கு வேண்டுமென்று.