ஜெபிக்கிறேன்னு சொன்னேன், ஜெபிக்கல



"பிரதர், காலைல ஏழு மணிக்கு கிளம்பினா வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆயிடுது. இதுல தினமும் ஜெபிக்க எப்படி நேரம் ஒதுக்குறது?" இந்தக் கேள்வியை ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நானும் ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். காரணம், எனக்கே இதுல பதில் இல்லை. இன்னைக்கும் நான் ஜெப வாழ்க்கையில தேறினவன்னு சொல்லிக்க மாட்டேன். ஆனா போன வருஷம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாம இந்தத் தலைப்பைப் பேசினா அது போலியா இருக்கும். அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு காலேஜ்ல இருந்து ஒரு நண்பன். ஒரே ஹாஸ்டல், ஒரே ஜெபக்குழு. ஒருநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டான். அம்மாவுக்கு ஆபரேஷன், நிலைமை கொஞ்சம் சிக்கல், ஜெபிச்சுக்கோடா அப்படின்னு. நான் அப்போ ஒரு மீட்டிங்ல இருந்தேன். மீட்டிங்ல இருந்துக்கிட்டே "கண்டிப்பா ஜெபிக்கிறேன்டா" அப்படின்னு டைப் பண்ணேன். கூப்பின கை எமோஜி ரெண்டு போட்டேன். மீட்டிங் முடிஞ்சது. அடுத்து ஒரு புரொடக்‌ஷன் இஷ்யூ. அந்த வாரம் ரிலீஸ். அடுத்த வாரம் எனக்கு ஆன்-கால். அதாவது, ராத்திரி எத்தனை மணிக்கு சர்வர்ல பிரச்சனை வந்தாலும் போன் அடிக்கும், எழுந்து லேப்டாப்பைத் திறக்கணும்.

மூணு வாரம் கழிச்சு அவங்க அம்மா இறந்துட்டாங்கன்னு செய்தி வந்தது. அடக்க ஆராதனைக்குப் போனேன். எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னான்: "நீங்கல்லாம் ஜெபிச்சதுனாலதான்டா நாங்க இன்னும் நிக்கிறோம்."

நான் ஒரு தடவைகூட ஜெபிக்கல.

மறந்துட்டேன்னு சொல்லலாம். அது உண்மைதான். ஆனா அந்த மூணு வாரத்துல நான் ஒரு சீரிஸ் முழுசா பார்த்திருந்தேன். ராத்திரி கண்ணு எரியற வரைக்கும் ரீல்ஸ் தள்ளிக்கிட்டிருந்தேன். நேரம் இருந்தது. திரும்பி வர்ற பஸ்ல அதைத்தான் எண்ணிக்கிட்டு வந்தேன்.

வேதத்துல சாமுவேல் தீர்க்கதரிசி வயசான காலத்துல பேசின ஒரு பேச்சு இருக்கு, 1 சாமுவேல் 12-ஆம் அதிகாரம். ஜனங்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேணும்னு கேட்டு வாங்கிட்டாங்க. ஒரு விதத்துல சாமுவேலை ஓரங்கட்டிட்டாங்கன்னே சொல்லலாம். அப்புறம் பயந்துபோய், எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு அவர்கிட்டயே வந்து நிக்கிறாங்க. அதுக்கு அவர் கொடுக்கிற பதில் 23-ஆம் வசனத்துல இருக்கு. உங்களுக்காக ஜெபிக்கிறதை நான் விட்டுட்டா, அது நான் கர்த்தருக்கு விரோதமா செய்யற பாவம் என்கிற அர்த்தத்துல சொல்றார். நீங்களே எடுத்து வாசிச்சுப் பாருங்க.

நான் ஜெபம் பண்ணாம இருக்கிறதை எப்பவுமே ஒரு பலவீனமாத்தான் பார்த்திருக்கேன். ஜிம்முக்குப் போகாத மாதிரி, செஞ்சா நல்லது, செய்யலைன்னா எனக்குத்தான் நஷ்டம் அப்படின்னு. சாமுவேல் அதை அப்படிப் பார்க்கல. ஒருத்தர் நம்மகிட்ட வந்து ஜெபிங்கன்னு கேட்டுட்டார்னா, அது அவருக்கு நாம பட்ட கடன். கடவுள்கிட்டயும் அதுக்கு கணக்கு இருக்கு. என் நண்பன் கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னப்போ எனக்குள்ள குத்தினது இதுதான்.

சரி, நேரத்துக்கு வருவோம். நான் பல வருஷமா வெச்சிருந்த திட்டம் என்னன்னா, வேலையெல்லாம் முடிச்சிட்டு நிம்மதியா உட்கார்ந்து ஜெபிக்கணும். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், பேக்லாக் என்கிறது முடியவே முடியாது. பத்து டிக்கெட்டை மூடினா பன்னிரண்டு புதுசா வந்து நிக்கும். வீட்டு வேலையும் அப்படித்தான். அம்மாமாரைக் கேட்டுப் பாருங்க, பாத்திரம் கழுவுறது என்னைக்காவது முடிஞ்சிருக்கா?

மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரம் 35-ஆம் வசனம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். இயேசு அதிகாலையில இருட்டோட எழுந்து, வனாந்தரமான ஒரு இடத்துக்குப் போய் ஜெபித்தார். யூத் கேம்ப்ல இதைக் காட்டித்தான் நம்மளை அஞ்சு மணிக்கு எழுப்புவாங்க. ஆனா அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுக்காம, முன்னாடியும் பின்னாடியும் சேர்த்து வாசிச்சா வேற ஒண்ணு தெரியும்.

அதுக்கு முந்தின நாள் கப்பர்நகூம்ல ஓய்வுநாள். ஜெப ஆலயத்துல போதகம், அங்கேயே ஒருத்தனுக்கு விடுதலை. அங்கிருந்து சீமோன் வீட்டுக்கு வந்தா மாமியாருக்குக் காய்ச்சல். சூரியன் அஸ்தமிச்சதும் ஓய்வுநாள் முடியுது, ஊரே நோயாளிகளைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்குது. அப்படி ஒரு நாள் முடிஞ்ச மறுநாள் விடியறதுக்கு முன்னாடிதான் அவர் எழுந்து போறார். பின்னாலேயே சீமோனும் மத்தவங்களும் தேடிக்கிட்டு வந்து, எல்லாரும் உங்களைத் தேடறாங்கன்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? வேலை முடியல. வாசல்ல இன்னும் ஆட்கள் இருக்காங்க. அவர் வேலையை முடிச்சிட்டு ஜெபிக்கப் போகல, பாதியில விட்டுட்டுத்தான் போனார்.

சீமோனுக்கு அவர் சொன்ன பதிலையும் கவனிங்க. அடுத்த ஊர்களுக்குப் போவோம்னு சொல்றார். நேத்து அவ்வளவு கூட்டம் வந்த ஊருக்கே திரும்பிப் போகல. எதைச் செய்யணும், எதை விடணும் என்கிற தெளிவு ஜெபத்துல இருந்து எழுந்து வந்த மனுஷன்கிட்ட இருக்கு. என்கிட்ட அது இல்லாம இருந்தது. யார் கடைசியா மெசேஜ் போட்டாங்களோ அவங்க வேலையைத்தான் நான் செஞ்சுக்கிட்டிருந்தேன்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வரும். தூத்துக்குடி மாவட்டம், நாசரேத் பக்கத்துல ஒரு சின்ன ஊர். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும். லீவுக்குப் போனா பார்ப்பேன், அடுப்புல சோறு பாதி வெந்துக்கிட்டிருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் ஆச்சி விறகை வெளியே இழுத்துப் போட்டுட்டு, முகம் கழுவி, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு கிளம்பிடுவாங்க. "ஆச்சி, பசிக்கு"ன்னு நான் சிணுங்கினா, "மணி அடிச்சாச்சுல்லா, வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாங்க. கோயில்ல சில நாள் ஆறேழு பேர்தான் இருப்பாங்க. கால் மணி நேரம்தான். திரும்பி வந்து மறுபடி அடுப்பை மூட்டுவாங்க.

ஆச்சி பெரிய மன உறுதி உள்ளவங்க, நமக்கு அது இல்லைன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இப்போ யோசிச்சா அப்படித் தோணல. அந்த மணி, சோறு வெந்துடுச்சான்னு கேட்காது. ஆச்சியும் தினமும் புதுசா ஒரு முடிவு எடுக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரங்களும் அதே மணிக்குக் கிளம்புவாங்க. நேரத்தை ஊரே சேர்ந்து காப்பாத்திச்சு. சென்னைக்கு வந்து ஓஎம்ஆர்ல பதினோராவது மாடியில இருக்கிற எனக்கு அந்த மணி கேட்காது. அதனால நானே ஒரு மணியைக் கட்டிக்க வேண்டியிருந்தது.

நான் இப்போ செய்யறதைச் சொல்றேன். இது சட்டம் இல்லை. உங்களுக்குப் பொருந்தினதை எடுத்துக்கோங்க.

முதல் விஷயம், காலைல இருபது நிமிஷம், ஆறேகாலுக்கு. போன் ஹால்லதான் சார்ஜ்ல இருக்கும், என் ரூம்ல இல்லை. முன்னாடி போன்ல வேதம் வாசிச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு வசனம் தாண்டுறதுக்குள்ள மேல ஒரு நோட்டிபிகேஷன் வந்து இறங்கும், அதோட முடிஞ்சது. இப்போ அச்சடிச்ச வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். ஆன்-கால் வாரத்துல மட்டும் போன் பக்கத்துல இருக்கும். அந்த வாரம் ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்தா, ஆறேகாலுக்கு எழ மாட்டேன். மதியம் சாப்பிட்டுட்டு பார்க்கிங்ல இருக்கிற வேப்பமரத்தடியில பத்து நிமிஷம் உட்காருவேன். கர்த்தர் நம்ம ஷிஃப்ட் டைமிங் தெரியாதவர் இல்லை.

ரெண்டாவது, "ஜெபிக்கிறேன்" அப்படின்னு டைப் பண்றதுக்கு முன்னாடி ஜெபிச்சிடுவேன். அரை நிமிஷம் போதும். கண்ணை மூட முடியாத இடமா இருந்தா திறந்துக்கிட்டே. அப்புறம்தான் பதில். அந்த நேரத்துல முடியலைன்னா பதிலே போடறதில்லை. அடுத்து அந்தப் பேரை நோட்டுல எழுதிடுவேன், மறுநாள் காலைல அது கண்ணுல படும்.

இந்த அரை நிமிஷ ஜெபத்துக்கு நெகேமியாதான் எனக்கு முன்மாதிரி. அவரும் வேலைக்குப் போனவர். சூசான் அரமனையில ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். இரண்டாம் அதிகாரத்துல ராஜா அவரைப் பார்த்து, உனக்கு என்ன வேணும்னு கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் இவர் சொல்ற பதிலுக்கும் நடுவுல, பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிச்சேன்னு எழுதியிருக்கார். எவ்வளவு நேரம் கிடைச்சிருக்கும்? ஒரு மூச்சு விடற நேரம். ஆனா முதல் அதிகாரத்தை மறந்துடாதீங்க. எருசலேம் அலங்கம் இடிஞ்சு கிடக்குன்னு செய்தி கேட்டது கிஸ்லேயு மாசம். ராஜா முன்னாடி நின்னது நிசான் மாசம். கிட்டத்தட்ட நாலு மாசம் இடையில ஓடியிருக்கு. அந்தச் செய்தியைக் கேட்ட நாள்லயே உட்கார்ந்து அழுது, உபவாசிச்சு, ஜெபிச்சவர் அவர். அதனாலதான் ராஜா கேட்ட அந்த ஒரு நொடியில அவருக்கு ஜெபம் வாயில வந்தது. "நான் நாள் முழுக்க நடந்துக்கிட்டே ஜெபிச்சுக்குவேன், தனியா உட்கார வேண்டியதில்லை"ன்னு நானும் சொல்லித் திரிஞ்சிருக்கேன். உண்மையில உட்காராத நாள்கள்ல, நடக்கும்போதும் ஜெபிச்சதில்லை.

மூணாவது விஷயத்துக்கு முன்னாடி என் நண்பன் கதையை முடிக்கணும்.

ஒரு மாசம் அந்தப் பாரத்தோடவே இருந்தேன். அப்புறம் அவனுக்கு போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். "டேய், உங்க அம்மாவுக்காக நான் ஒருநாள்கூட ஜெபிக்கல. நீ நன்றி சொன்னப்பவும் வாயைத் திறக்கல. மன்னிச்சிடு"ன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "சரிடா" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டான். ரெண்டு வாரம் பேசல. அவனுக்குக் கோபம் வந்தது நியாயம்தான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி அவனே கூப்பிட்டான். "அப்பா தனியா இருக்கார்டா, ராத்திரி தூங்க மாட்டேங்கறார். இப்போ ஜெபி, நான் லைன்லயே இருக்கேன்"னான். போன்லயே ஜெபிச்சோம். நான் திக்கித் திணறித்தான் ஜெபிச்சேன். அன்னைல இருந்து வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு நாங்க ரெண்டு பேரும் போன்ல ஜெபிக்கிறோம். கால் மணி நேரம். யாராவது ஒருத்தருக்கு மீட்டிங் வந்தா நேரத்தை மாத்துவோம், நாளை விட மாட்டோம். இதுதான் என் மூணாவது விஷயம். எனக்கு இப்போ மணி அடிக்கிறவன் அவன்.

இதையெல்லாம் நான் ஒழுங்கா செய்யறேன்னு நினைக்காதீங்க. போன மாசம் ரிலீஸ் நேரத்துல ஆறு நாள் காலை ஜெபம் போச்சு. ஏழாம் நாள் உட்கார்ந்தப்போ முதல்ல வந்தது வெட்கம்தான். ஆனா விட்ட ஆறு நாளுக்கும் சேர்த்து ஜெபிக்கணும்னு ஆண்டவர் வட்டி போடல. நோட்டைத் திறந்தேன், அன்னைக்கு இருந்த பேர்களைச் சொல்லி ஜெபிச்சேன்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க போன்ல யாருக்காவது "ஜெபிக்கிறேன்"னு பதில் போட்டுட்டு ஜெபிக்காம இருக்கிற மெசேஜ் ஒண்ணாவது இருக்கும். எனக்கே இன்னைக்குக் காலைல ஒண்ணு கிடைச்சது. இந்த எபிசோடு முடிஞ்சதும் அடுத்ததைப் போட வேண்டாம். அந்த ஒரு பேரை மட்டும் நினைச்சுக்கோங்க. பஸ்ல இருக்கலாம், சமையல்கட்டுல இருக்கலாம், பரவாயில்லை. நான் ஒரு நிமிஷம் பேசாம இருக்கேன். நீங்க அவங்களுக்காக ஜெபிங்க.

(ஒரு நிமிட அமைதி)

ஆமென். அடுத்த வாரம் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.