மரத்த உதடும் மருத்துவ ஒளியும்

குழந்தைப் பல் மருத்துவர்களின் இந்தக் கருத்தரங்கு, சிகிச்சை முடிந்து பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நடப்பதைப் பேசக் கூடியிருக்கிறது.

மரப்பு ஊசி போட்டுக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு வலி இல்லை. உதடுதான் யாருடையதோ போலிருக்கிறது. கிள்ளிப் பார்க்கிறது, இழுத்துப் பார்க்கிறது, ஆட்டோவில் போகும்போதே அதை மெல்லத் தொடங்கிவிடுகிறது. மறுநாள் உதடு வீங்கி, உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சீழ் வைத்துவிட்டது என்று பாட்டி பதறிக்கொண்டு தூக்கி வருவார். அது சீழ் அல்ல, கடிபட்ட புண் ஆறும்போது படியும் படலம். பெரும்பாலும் அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது.

இது அரிதான சங்கதி அல்ல. கீழ்த்தாடை நரம்புக்கு ஊசி போட்ட பிள்ளைகளில் 13 சதவீதம் பேர் இப்படிக் கடித்துக்கொண்டதாக 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களில் அது 18 சதவீதம்.

ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கிய லிடோகைன்தான் இன்றும் அதிகம் போடப்படும் மரப்பு மருந்து. அதோடு சேரும் அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அங்கேயே பிடித்து வைக்கிறது. பல்லுக்குள் மரப்பு ஒரு மணி நேரம்போல நிற்கும்; உதட்டிலும் நாக்கிலும் 3 முதல் 5 மணி நேரம். பல் அடைக்கும் வேலையோ அரை மணியில் முடிந்துவிடுகிறது.

மரப்பைச் சீக்கிரம் விலக்கும் ஃபென்டோலமைன் மருந்துக்கு 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அதுவும் ஊசி. இப்போதுதான் அழுது ஓய்ந்த பிள்ளையிடம் இன்னொரு ஊசியோடு யார் போவது?

ஒளியின் மீது ஆசை பிறப்பது இங்கேதான். 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகள் மீது லேசரைப் பாய்ச்சினார்; மயிர் விரைவாக முளைத்தது. இன்று புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கும், குழாய்கள் விரியும், ரத்தம் மருந்தை அடித்துக்கொண்டு போகும் என்பது எதிர்பார்ப்பு. அட்ரினலின் சாத்திய கதவை ஒளி திறக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் நடந்த சிறு ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒளியின் அலைநீளம் வேறு, அளவு வேறு. மரப்பு போய்விட்டதா என்பதையும் உதட்டைத் தட்டிப் பார்த்துப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். "இந்த லைட் சரியாக்கிடும்" என்று டாக்டர் மாமா சொல்லிவிட்டால், பாதிப் பிள்ளைகள் தலையாட்டிவிடும். அதனால் ஆய்வில் பாதிப் பேருக்கு ஒளி அணைந்த கருவியை வைக்க வேண்டும். எது எரிந்தது என்பது பிள்ளைக்கும் தெரியக்கூடாது, சோதிப்பவருக்கும் தெரியக்கூடாது. எத்தனை நிமிடம் மிச்சம் என்பதைவிட, எத்தனை உதடு கடிபடாமல் தப்பியது என்பதே உண்மையான அளவுகோல்.

அந்தக் கணக்கை இன்றே தொடங்கலாம். ஊசி போட்ட ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் மறுநாள் காலை ஒரு போன் போட்டு, "உதட்டைக் கடிச்சுக்கிட்டானா?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.