அமரத்துப் பலகையைத் தட்டிப் பாருங்க

இந்த எபிசோட்ல சாஃப்ட்வேர் கிடையாது. தூத்துக்குடில என் மாமாவோட பைபர் வள்ளத்தைப் பத்திப் பேசப்போறேன். போன லீவுல ஒன்பது நாள் நான் அதுக்குள்ளதான் கிடந்தேன்.

வள்ளத்தோட பின்பக்கத்தை அமரம்னு சொல்வாங்க. அவுட்போர்டு எஞ்சின் மாட்டுற பலகை அங்கதான் இருக்கு. இங்கிலீஷ்ல டிரான்சம். பார்க்க முழுசும் பைபர் மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு பைபர் தோலுக்கு நடுவுல ஒன்றரை இஞ்ச் பிளைவுட் இருக்கு. எஞ்சினோட எடை, அது தள்ளுற விசை ரெண்டையும் தாங்குறதுல பெரும்பங்கு அந்த மரத்துக்குத்தான்.

"ஏல, வேகம் கொடுத்தா எஞ்சின் தலையாட்டுது"ன்னாரு மாமா. கிளாம்ப் லூஸ்னு நெனச்சிருக்காரு. நான் எஞ்சினோட கீழ்ப்பாகத்தைப் பிடிச்சு ஆட்டினேன். பலகையே சேர்ந்து வளைஞ்சுது. மூலையில முடி மாதிரி விரிசல். சுத்தியல் கைப்பிடியால தட்டிட்டே வந்தோம். மேல 'டங் டங்'னு கேட்டது, போல்ட்டுக்குக் கீழ வந்ததும் 'தொப்'. அங்க உள்பக்கமா சின்ன ஓட்டை போட்டா, டிரில் பிட்ல சுத்திக்கிட்டு வந்தது காப்பித்தூள் மாதிரி ஈரமான கருப்புத் தூள்.

நான் கடல் தண்ணியைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனா மரத்தை மக்க வைக்கிற பூஞ்சைக்கு உப்புத்தண்ணி ஒத்துக்காது, மழைத்தண்ணிதான் தோது. ஐப்பசி கார்த்திகையில வள்ளத்தைக் கரையேத்தி வெச்சப்ப உள்ள மழைத்தண்ணி தேங்கி, போல்ட் ஓட்டை வழியா பிளைவுட்ல இறங்கியிருக்கு. ரெண்டு பக்கமும் பைபர் மூடியிருக்கறதால அது காயவும் வழியில்ல.

கரையில ஒருத்தர், "மேல நாலு லேயர் ஒட்டிரு, அரை நாள் வேலை"ன்னாரு. மாமாவுக்கு அதுதான் பிடிச்சது. ஒரு நாள் தொழிலுக்குப் போகலைன்னா அன்னைக்குக் காசு இல்ல. எனக்கு எதிர்த்துப் பேசவே சங்கடம், லீவு போட்டாலும் சம்பளம் வர்ற ஆள் நான். அந்தத் தூளை அவர் கையில வெச்சேன். நசுக்கிப் பார்த்தார். விரல் நனைஞ்சது. "கரை தெரியாத எடத்துல எஞ்சின் கழண்டா?"ன்னு அவரே கேட்டுட்டு கிரைண்டரை எடுத்தார்.

வெளித்தோலைத் தொடல. உள்தோலை, சுத்தி 2 இஞ்ச் விளிம்பு விட்டு வெட்டி எடுத்து, மரத்தை உளியால சுரண்டினோம். அப்புறம் மூணு நாள் வெயில்ல காய விட்டோம், ஈரத்து மேல ரெசின் பிடிக்காது. அந்த மூணு நாளும் மாமா விடியக்காலைல வந்து தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம போவார்.

அட்டையில அளவு வெட்டி, 18 மி.மீ. மரைன் பிளைவுட் ரெண்டை ஒட்டினோம். ஓரத்துக்குத்தான் ரெசின் அதிகம், பிளைவுட் தண்ணி உறிஞ்சுறது அங்கதான். ரெசின்ல பைபர் துணுக்கு கலந்து களி மாதிரி பூசி, பலகையை வெச்சு இறுக்கினோம். நாலு பக்கமும் கசிஞ்சு வரணும். வரலைன்னா உள்ள இடைவெளி இருக்குன்னு அர்த்தம். மூலைகளைப் புட்டியால குழிவா வழிச்சு, மேட்டும் ரோவிங்கும் மாத்தி மாத்திப் போட்டு, பக்கச் சுவர் வரைக்கும் ஏத்தினோம்.

முதல் கலவையை நான் கெடுத்துட்டேன். பாலியெஸ்டர் ரெசினுக்கு கேட்டலிஸ்ட் 1லருந்து 2 சதவீதம் போதும், அந்த வெயில்ல 1 பக்கமே நிக்கணும். நான் கண்ணளவுல ஊத்தினேன், கப்பே உருகிருச்சு. இன்னொன்னு, இதுல விளையாட்டே வேண்டாம்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா சேர்த்தா வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கின பிறகுதான் கேட்டலிஸ்ட்.

கடைசியா போல்ட் ஓட்டை. எல்லாம் கெட்டதே அங்கதானே? அதனால பெரிய ஓட்டையா போட்டு, எபாக்ஸி நிரப்பி, இறுகினதும் அதுக்கு நடுவுல போல்ட் அளவுக்குத் திரும்ப டிரில் பண்ணினோம். போல்ட் இப்ப மரத்தைத் தொடவே தொடாது. மாமாவுக்குப் பொறுமை போயிருச்சு. "போட்ட ஓட்டைய அடைச்சுட்டு அதே எடத்துல திரும்ப ஓட்டையா? இதுக்கா மருமவனே இன்ஜினியரிங் படிச்ச?"

பத்தாவது நாள் காலைல கடல்ல இறக்கி முழு வேகம் கொடுத்தார். நான் அமரத்துல உக்காந்து பலகை மேல கை வெச்சிருந்தேன். அதிர்வு இருந்தது, வளைவு இல்ல. கரைக்கு வந்ததும் மாமா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சுத்தியலை எடுத்துட்டுப் போய், பக்கத்து வள்ளத்தோட பலகையை கைப்பிடியால தட்டினார்.

'தொப்'.