மனத்துயரும் மருத்துவ உளவியலாளரும்
(பண்டமாரானில் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்னும் கேலியை நாம் கேட்டே வளர்ந்தோம். 1911-இல் அங்கே தொடங்கப்பெற்ற மனநோய் மருத்துவமனை இன்று பஹாகியா மருத்துவமனை எனப் பெயர் மாறிவிட்டது. கேலி மட்டும் மாறவில்லை. அதற்கு அஞ்சியே பலர் தம் துயரத்தை மனிதரிடம் சொல்லாமல் சம்சுப் புட்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

மருத்துவ உளவியலாளர் என்பவர் யார்? மாத்திரை எழுதித் தருபவர் அல்லர். அது மனநல மருத்துவரின் பணி. குறி சொல்பவரும் அல்லர். உளவியலில் பட்டம் பெற்று, அதன்மேல் முதுகலைப் படிப்பும், மூத்தோர் மேற்பார்வையில் நோயாளரிடையே பயிற்சியும் முடித்தவர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இப்படிப்பை 1994-இல் தொடங்கிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவர்கள் பதிவு பெற்றே தொழில் செய்தல் வேண்டும் என்கிறது. ஆகவே, எவரிடமும் "பதிவு உண்டா?" என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

பெரியவர்களுக்கு அவர் அளிக்கும் சிகிச்சை பெரும்பாலும் பேச்சே. உறக்கம், உணவு, வேலை, குடி, கடன், பழைய இழப்புகள் அனைத்தையும் முதலில் விசாரிப்பார். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். ஒருவர் குறை சொல்லத் தொடங்கினாலே புத்தி சொல்லிவிடுவோம். அவர் முதலில் கேட்கிறார். இதனை அறிந்தபோது நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

மனைவியை இழந்த பால்மரத் தொழிலாளி ஒருவர் பிரட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். படுத்தே கிடக்கிறார். கிடக்கக் கிடக்க, "நான் எதற்கும் உதவாதவன்" என்னும் எண்ணம் வலுக்கிறது. அவ்வெண்ணமே அவரை மீண்டும் படுக்கவைக்கிறது. உளவியலாளர் "மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடமாட்டார். "நாளைக் காலை எழுந்து வாசலில் அமர்ந்து தேநீர் அருந்துங்கள், அப்போது மனம் எப்படியிருந்தது என்று குறித்து வாருங்கள்" என்பார். எழுத வராதவர் வாயால் சொன்னால் போதும். அடுத்த வாரம் ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்வார். பின்னர் அந்த எண்ணத்தையே எடுத்து ஆராய்வார்: முப்பது ஆண்டுகள் பால் வெட்டியதும், பிள்ளைகளை ஆளாக்கியதும் உதவாதவன் செய்த காரியங்களா? எண்ணத்தை இவ்வாறு சோதித்துப் பார்க்கும் முறையை 1960-களில் வகுத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக். சிலருக்கு இதனோடு மாத்திரையும் தேவைப்படும்.

அங்கே சொன்னவை மண்டோர் காதுக்கு எட்டுமா என்று அஞ்ச வேண்டா. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமைகளில் அன்றி, அவர் வெளியே சொல்லார்.

முன்பு தற்கொலை முயற்சி குற்றம். தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ஆதலால் பிழைத்தவரையும் குடும்பத்தார் மறைத்து வைத்தனர். அப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி மருத்துவரிடம் உண்மையைச் சொல்லலாம்.

முதலில் பண்டமாரான் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். "தூக்கமில்லை, மனம் சரியில்லை" என்றாலே போதும். தேவையாயின் டாக்டர் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். உளவியலாளர் தொகை குறைவு; காத்திருக்க நேரலாம். காத்திருக்க இயலாத இரவில், 1970 முதல் கோலாலம்பூரில் தொண்டாற்றிவரும் பெஃபிரண்டர்ஸ் அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம்: 03-7627 2929. எண்ணைக் கரும்பலகையில் எழுதியுள்ளோம், புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள்.