பழைய பக்கத்தை நம்பி ஒரு வாய்ப்பை இழக்க வேண்டாம்

(கல்வி உதவித்தொகை விண்ணப்ப வழிகாட்டி நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு தாய் தம் மகளுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் இணையதளத்தைத் திறந்தோம். கடைசித் தேதி முடிந்துவிட்டதாகக் காட்டியது. "தேதி முடிஞ்சிடுச்சும்மா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். அன்றே இன்னொரு மாணவரிடமும் அதையே சொன்னோம்.

இரவில் அந்த மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் அதே பக்கத்தைப் பார்த்திருக்கிறார். தேதி நீட்டிக்கப்பட்டிருந்தது. மறுநாள் ஓடி வந்தார்கள். அதுதான் கடைசி நாள். அல்ஹம்துலில்லாஹ், அவர் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்த மாணவரின் வீட்டைத் தேடிப் பிடித்தபோது தேதி உண்மையாகவே முடிந்திருந்தது. எங்கள் சொல்லை நம்பித் திரும்பிப் போனவர் அவர். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

இது எப்படி நடந்தது? நாம் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது பிரவுசர் அதன் படங்களையும் கோப்புகளையும், சில வேளை பக்கத்தையே கூட, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகவும், டேட்டா செலவு குறைவதற்காகவும் இந்த ஏற்பாடு. இதற்குப் பெயர் கேஷ். ரொக்கப் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரதியை எத்தனை விநாடிகள் வைத்துக்கொள்ளலாம் என்று இணையதளமே சொல்லி அனுப்பும். 86400 என்று சொன்னால், ஒரு நாள் முழுவதும் பிரவுசர் மறுபடி கேட்காமலே பழைய பிரதியைக் காட்டலாம். பக்கம் அங்கே மாறியிருக்கும். நம் திரையில் மாறியிருக்காது.

அப்படிச் சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலாவது, பக்கத்தைப் புதுப்பியுங்கள். போனில் குரோம் என்றால் பக்கத்தின் மேற்பகுதியிலிருந்து விரலால் கீழே இழுத்து விடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப்5 அழுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். எழுதியது அழிந்து போகலாம்.

இரண்டாவது, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, மறைநிலைத் தாவலில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அது பழைய பிரதியை எடுக்காது. அங்கே புதிய தேதி தெரிந்தால், கோளாறு நம் கருவியில் இருக்கிறது. அங்கேயும் பழையதே தெரிந்தால், வேறொரு போனில், வேறு நெட்வொர்க்கில் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒன்றே தெரிந்தால் அந்த அலுவலகத்துக்கே போன் செய்து கேளுங்கள்.

மூன்றாவது, கோளாறு நம் கருவியில்தான் என்றால் கேஷை அழியுங்கள். மூன்று புள்ளிகள், வரலாறு, உலாவல் தரவை நீக்கு என்று போனால் ஒரு பட்டியல் வரும். பதிப்புக்கேற்ப சொற்கள் சற்று மாறலாம். அதில் 'கேஷ் செய்யப்பட்ட படங்கள், கோப்புகள்' என்பதற்கு மட்டும் டிக் வையுங்கள். குக்கீகளை அழித்தால், நுழைந்திருக்கும் தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கடவுச்சொற்களை அழித்தால், சேமித்து வைத்தவை போய்விடும். கேஷை மட்டும் அழித்தால் கேலரியில் உள்ள போட்டோவோ வாட்ஸ்அப் செய்தியோ போகாது. பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாப் பழைய பக்கத்துக்கும் பிரவுசர் காரணமல்ல. போன வருடம் டவுன்லோட் செய்த அறிவிப்பையே சிலர் திறந்து படிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் எந்த ஆண்டு என்று பார்ப்பதில்லை. முதலில் தலைப்பில் உள்ள கல்வியாண்டைப் படியுங்கள்.

நம் உதவி மையத்தில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். இரண்டு கருவிகளில் பார்க்காமல் யாரிடமும் "முடிந்துவிட்டது" என்று சொல்வதில்லை. பார்த்த நாளும் நேரமும் பதிவேட்டில் எழுதப்படும். நீங்கள் எங்களிடம் கொண்டுவரும் விண்ணப்பம் ஓர் அமானிதம். நாங்கள் முடிந்தது என்று சொன்னாலும், "இன்னொரு போன்ல பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.