கலையாற்றைக் கிழக்கே திருப்புவோம்!

(தேனியில் நடைபெற்ற கலை இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பம் பள்ளத்தாக்கிலே நின்று எதைப் பற்றிப் பேசுவதானாலும், முதலில் முல்லைப் பெரியாற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணே கலந்துகொண்டிருந்த ஆறு அது. மலையிலே அணை எழுப்பி, மலையைக் குடைந்து வழி சமைத்து, 1895-ஆம் ஆண்டில் அதன் நீரைக் கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுவிக்கின் பெயரைத் தன் பிள்ளைக்குச் சூட்டும் உழவனை இப்பள்ளத்தாக்கிலே காணலாம். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் அங்கே மாண்டுபோன கூலிகளின் பெயரோ எவருக்கும் தெரியாது. ஆயினும் அவர்கள் திருப்பிய நீரால்தான் இங்கே நெல் விளைகிறது, தென்னை நிற்கிறது, பன்னீர் திராட்சை பழுக்கிறது.

இதே மண்ணில் வேறோர் ஆறும் பிறந்தது. அது பாட்டாறு, கூத்தாறு, கதையாறு. அந்த ஆறு எங்கே போயிற்று என்பதே இன்று நான் கேட்க வந்த கேள்வி.

பண்ணைப்புரம் என்ற சிற்றூரைப் பாருங்கள். பாவலர் வரதராசன் அவ்வூர்க்காரர். ஆர்மோனியப் பெட்டியும், மக்களுக்குத் தெரிந்த மெட்டும், பொதுவுடைமைக் கொள்கையுமே அவருடைய ஆஸ்தி. 1958-ஆம் ஆண்டில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தில் தோழர் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை, 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் மெல்லிய பெரும்பான்மையோடு நின்ற காலம். தேயிலைத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடையே பாவலரின் பாட்டு மலையேறிற்று. தோழர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பிரசங்கத்தால் திறவாத கதவைப் பாட்டு திறந்தது என்று பழைய தோழர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அந்தப் பாவலரின் தம்பிமார் அவரோடு ஊர் ஊராய்ப் பாடித் திரிந்தார்கள். அவர்களில் ஒருவர் 1968-இல் சென்னைக்குச் சென்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது நாடு முழுவதும் அவரை இளையராஜா என்று அறிந்தது. அல்லிநகரத்திலிருந்து சென்ற பாரதிராஜா 1977-இல் '16 வயதினிலே' படத்தைத் தந்து, சினிமாவைக் கூடத்திலிருந்து வயல்வெளிக்கு இழுத்து வந்தார். அதற்குப் பின்னர் கோடம்பாக்கத்துக்கு ரயிலேறிய எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்!

பெருமைதான். ஆனால் கணக்கும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த '16 வயதினிலே' படப்பிடிப்பு நடந்ததோ கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பக்கத்தில். கலைஞன் இங்கே பிறந்தான்; காமிரா அங்கே சுழன்றது; இலாபம் சென்னையிலே எண்ணப்பட்டது. பண்ணைப்புரத்தில் மிஞ்சியது பெயர்ப் பெருமை ஒன்றுதான்!

இதில் வியப்பில்லை. நமது பருத்திக்கும் இதுவே கதி. ஏலக்காய்க்கும் இதுவே கதி. மலையிலே விளையும் ஏலக்காய் போடியிலே ஏலம் போகிறது. பறித்த பெண்ணின் கூலி எவ்வளவு, வடநாட்டுக் கடைத்தெருவில் அதன் விலை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கச்சாப் பொருளை விற்பவன் ஏழையாகவே இருப்பான் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். மெட்டும் கதையும் கூடக் கச்சாப் பொருளாகவே இங்கிருந்து மூட்டை கட்டப்படுகின்றன!

இப்பொழுது உலகம் முழுவதும் "படைப்புத் தொழில்கள்" என்று பேசுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2021-ஆம் ஆண்டை, நீடித்த வளர்ச்சிக்கான படைப்புப் பொருளாதார ஆண்டு என்றே அறிவித்தது. பாட்டும் கூத்தும் நெசவும் ஓவியமும் சிற்றூர்களை வாழவைக்கும் தொழில்கள் ஆகும் என்கிறார்கள். நாம் இதை மறுக்கவில்லை. கலை ஒரு தொழில் என்பதை நம் மக்கள் என்றோ அறிவார்கள்.

ஒரு ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த வள்ளி திருமணம் ஊர்ச் சாட்டிலே நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகையே இல்லாமல் மேடையிலே சந்திக்கிறார்கள். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்டு வாசிப்பவர் என்று பக்கவாத்தியம். இவர்களுக்குப் பின்னால் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தார், பூக்கட்டும் பெண்கள், விடிய விடியத் தேநீர் ஆற்றுகிறவர். ஓர் இரவுக்கூத்து எத்தனை அடுப்புகளை எரிய வைக்கிறது! வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து போனவர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், சாட்டு நடக்கும் மாதங்களில் அடுப்பு எரிகிறது. மழை மாதங்களில் அணைந்துவிடுகிறது. அப்பொழுது ராஜபார்ட் களையெடுக்கப் போகிறார். மிருதங்கக்காரர் கடன் வாங்கப் போகிறார். முதுமை வந்தால் கேட்பாரில்லை. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது, வரவேற்றோம். நல வாரியம் நலிந்தவனுக்கு உதவும். ஆனால் நலியாமல் வாழ வேலை வேண்டுமே!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நமது கிராமத்தில் கலை என்பது வெறும் கலையாக இருந்ததில்லை, சாதியாகவும் இருந்தது. பறையடித்தவன் விரும்பி அடித்தானா? இழவு வீட்டிலே அடிக்கும்படி விதிக்கப்பட்டான். களத்துமேட்டிலே வீசப்பட்ட தானியமே அவனுக்குக் கூலி. அவன் மகன் அந்தப் பறையைத் தூக்கி எறிந்தபோது, அது கலையின் அழிவன்று, மனிதனின் எழுச்சி! இன்று அதே பறையை ஆணும் பெண்ணுமாக இளைஞர்கள் தம் விருப்பத்தால் தோளில் மாட்டி மேடை ஏறுகிறார்கள். கட்டாயம் போய் விருப்பம் வந்த இடத்தில்தான் கலை தொழிலாகும். ஆகவே, "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று முழங்கும் கனவான்களே, முதலில் பாரம்பரிய அடிமைத்தனத்தை ஒழியுங்கள்! அன்று ஜமீன் முற்றத்தில் ஆடியவனை இன்று சொகுசு விடுதியின் முற்றத்தில் ஆடவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கு வளர்ச்சி என்று பெயரிடாதீர்கள்!

வழி இல்லாமல் இல்லை. மலைக்கு அப்பால் பாருங்கள். வள்ளத்தோள் நாராயண மேனன் 1930-இல் கலாமண்டலத்தை நிறுவினார். பரிசுச் சீட்டு நடத்திப் பணம் திரட்டினார்கள். பாரதப்புழைக் கரையிலே செறுதுருத்தி என்ற சிற்றூரில் நிலைபெற்ற அந்தப் பள்ளி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கதகளி கற்க உலகம் அந்தச் சிற்றூருக்கு வருகிறது. 

வங்காளத்தில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து நயா கிராமத்தைப் பாருங்கள். ஓவியச் சுருளை விரித்துக் கதையைப் பாடிக் காட்டும் பட்டுவா குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. முஸ்லிம்கள், இந்துப் புராணங்களை வரைந்து பாடுகிறார்கள்! ஆண்டுதோறும் தங்கள் ஊரிலேயே விழா நடத்தி, வாங்குகிறவர்களைத் தங்கள் வாசலுக்கே வரவழைக்கிறார்கள். விலை பேசுவது தரகன் அல்லன். வரைந்தவனே விலை பேசுகிறான்.

நம்மிடமும் ஓர் அடையாளம் தெரிந்திருக்கிறது. லெனின் பாரதி இயக்கி 2018-இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம், இம்மலையிலே சுமை தூக்கும் நிலமற்ற கூலியின் கதை. படமாக்கப்பட்டதும் இம்மலையடிவாரத்திலேயே, நடித்தவர்களில் பலர் இம்மண்ணின் மக்கள். குரங்கணி மலைப்பாதையில் 2010-இல் 'மைனா' படமாயிற்று. காமிரா இப்பொழுது பள்ளத்தாக்குக்கு வருகிறது. 2010-இன் இறுதியில் நின்றுபோன மதுரை - போடி ரயிலும், 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் அகலப் பாதையில் மீண்டும் வந்துவிட்டது. வருகிற காமிரா நம் மலையழகை மட்டும் அள்ளிக்கொண்டு போக விடப் போகிறோமா என்பதே கேள்வி.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, படப்பிடிப்பு நடக்கும் ஊராட்சிக்கு நியாயமான கட்டணம் வேண்டும். அது ஊரின் பொது நிதியிலே சேர வேண்டும். கூட்டத்தில் நிற்கவும், வண்டி ஓட்டவும், சமைக்கவும் அழைக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு எழுத்திலே கூலி வேண்டும். இடைத்தரகனின் கைக்கு அல்ல, உழைத்தவன் கைக்கு!

இரண்டாவது, இப்பள்ளத்தாக்கிலே ஒரு கலைப்பள்ளி வேண்டும். தேவராட்டமும் பறையும் நாதசுரமும் ஸ்பெஷல் நாடகமும் சாதி கேளாமல் கற்பிக்கப்பட வேண்டும். ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் ஒளியமைப்பும் அதே கூரையின் கீழ் கற்பிக்கப்பட வேண்டும். முதியவரான ராஜபார்ட் அங்கே ஆசிரியராக வேண்டும். மழை மாதத்திலும் அவருக்குச் சம்பளம் உண்டு!

மூன்றாவது, பால்காரருக்கும் நெசவாளருக்கும் கூட்டுறவு உண்டு. கலைஞர்களுக்கும் கூட்டுறவுச் சங்கம் வேண்டும். நிகழ்ச்சியை அதுவே ஏற்று, ஊதியத்தை அதுவே பேச வேண்டும். டி. சுப்புலாபுரத்துத் தறியில் நெய்த சேலையும், கம்பத்தில் பதிவான பாட்டும் உழைத்தவன் பெயரைத் தாங்கியே வெளியூர் போக வேண்டும்.

இவை பிச்சையல்ல, தோழர்களே! 1996-இல் தனி மாவட்டம் ஆன நாம், தனி மாவட்டத்துக்குரிய கலை வாழ்வையும் கேட்கிறோம். நமது பிள்ளை சென்னைக்குப் போகலாம், இலண்டனுக்கும் போகலாம். போகாவிட்டால் பட்டினி என்ற நிலை மட்டும் இருக்கக் கூடாது!

ஆறு தானாகத் திரும்பவில்லை. திட்டம் தீட்டினார்கள், பணம் ஒதுக்கினார்கள், ஆயிரக்கணக்கான கைகள் மலையை உடைத்தன. கலையாறும் தானாகத் திரும்பாது. ஊராட்சிக் கூட்டத்திலே தீர்மானம் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டுங்கள். மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே கொண்டுவந்த உழைப்பாளி மக்களுக்கு இதுவும் கைகூடும்!