வெற்றிலையின் காரம்



உடன்குடி என்றவுடன் கருப்பட்டியை நினைப்பவர் பலர். ஆயினும் வெற்றிலைக்கும் இவ்வட்டாரம் பெயர் பெற்றதே. மணற்பாங்கான நிலத்தில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலிலே கொடியைப் படரவிட்டுப் பேணினர் நம்மவர். கொடிக்காலுக்குள் நுழைந்தவுடன் எழும் அந்த மணம் எதனால் ஆயது?

வெற்றிலையை நீராவியில் வடித்தால் மிகச் சிறிதளவு எண்ணெய் கிடைக்கும். சமையலுக்குக் கொள்ளும் எண்ணெயன்று இது. காற்றிலே பறந்துவிடும் தன்மையது. 1889ஆம் ஆண்டில் எய்க்மன் என்னும் டச்சு வேதியியல் அறிஞர், சாவகத்து வெற்றிலையின் எண்ணெயில் 'சவிக்கால்' என்னும் பொருளைக் கண்டறிந்தார். அதன் உறவினராகிய சவிபெட்டாலும் யூஜினாலும் வெற்றிலையில் உண்டு. யூஜினால் நமக்குப் புதியதன்று. கிராம்பின் மணம் அதுவே. இவை பீனால் இனத்தைச் சேர்ந்தவை. நாவில் உறைக்கும் காரம் பெரும்பாலும் இவற்றினுடையது.

வெற்றிலைகள் யாவும் ஒரு தன்மையின அல்ல. வங்காள வகையில் யூஜினால் மிகுதி. வடநாட்டு இனிப்பு வெற்றிலையில் சோம்பின் மணம் தரும் அனெத்தோல். சில வகைகளில் சாப்ரோல் உண்டு. அதனை உணவிற் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1960இல் தடை செய்தது. ஆகவே, "வெற்றிலை நல்லது" என்று பொதுப்படச் சான்று வழங்குவோரிடம், எந்த வெற்றிலை என்று கேட்பதே முறை.

பீனால்கள் நுண்ணுயிர்களின் மேலுறையைச் சிதைக்க வல்லவை. பல்லைக் கெடுக்கும் கிருமிகளை வெற்றிலைச் சாறு ஒடுக்குவதை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலே காணலாம். ஆனால், தட்டிலே வென்றது உடலுக்குள்ளும் வெல்லும் என்பது உறுதியன்று.

இந்த நற்பெயரையே சிலர் தாம்பூலத்துக்குக் கேடயமாகக் கொள்கின்றனர். என்னிடம் பயின்ற ஒருவர், நாற்பது வயதில், வாயை இரண்டு விரற்கடை திறக்கவும் இயலாமல் வந்து நின்றார். "வெற்றிலை மருந்துதானே, ஐயா?" என்றார். குற்றம் இலையில் இல்லை. அதனுள் மடித்த பாக்கிலே இருக்கிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலியவை வாயின் உட்தசையை நார்போல் இறுகச் செய்கின்றன. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் முடிவு செய்தது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும் அத்தகையனவே என்று 2004இல் அறிவித்தது.

தாம்பூலம் தரிப்பவர் வாயில் வெண்திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ கண்டால், அதன்மேல் வெற்றிலைச் சாற்றைத் தடவிக் காத்திராமல், மருத்துவரிடம் காட்டுக.